காட்டு இலாகாவின் அடுப்பங்கரை

குக்கர் விசில் அடிக்கப்போகிற நேரமாகப் பார்த்து, ஒரு தொட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுப்பருகே வந்து நிற்பார் மனிதர். விசில் சீறியதும் அந்த ஆவியில் செடியின் முகத்தைக் காட்டுவார். முதல் விசிலுக்குப் பெரணி. அடுத்த விசிலுக்குப் புள்ளி போட்ட அகல இலை. மூன்றாவது தொட்டியைத் தூக்கி வருவதற்குள் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அதுக்குள்ள என்ன அவசரம், இவனுக்கு இன்னும் ஆவி பிடிக்கல" என்பார். உள்ளே அரிசி குழைந்து பசையானாலும் கவலையில்லை. இலைக்குச் சளி கட்டிவிடக் கூடாது.

இது அத்தனையும் நிஜம். என் ஸ்பானர் மேல் சத்தியம். நான் அடுப்பு ரிப்பேர்காரன், ஊரில் உள்ள சமையலறை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வாய்க்குள் போகிற நிஜம், போன உயரத்திலேயே வெளியே வராது. கொஞ்சம் வளர்ந்துதான் வரும். எங்கே நீளமாகத் தெரிகிறதோ அங்கே கிள்ளிவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நேற்று மத்தியானம் சாவிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, கிள்ளுகிற வேலையைச் சாவிக்காரரே பார்த்துக்கொண்டார். கூட இருந்து கேட்டவர் எதிர்க் கட்டிட ஆபீஸின் தலைமை கிளார்க். அவரும் இந்தக் கதைக்குள் வருகிறார். அவருடைய நாக்கு வருகிறது.

நம்ம கதாநாயகருக்குத் தெருவில் காட்டு இலாகா என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்'. சாவிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. வேலையில் இருந்த காலமெல்லாம் பெரிய கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் நின்று, ஏறுகிறவர்களிடம் "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. அப்படிப்பட்ட மனிதன் ஓய்வு கிடைத்ததும் என்ன செய்ய வேண்டும்? மலை ஏறலாம். ஆற்றங்கரையில் மல்லாந்து படுக்கலாம். இவர் வீட்டிலேயே சின்ன இடம் எது என்று தேடிப் பிடித்தார். லிஃப்டைவிடக் கை அகலம் பெரிதான சமையலறை. அதில் முதலில் ஒரு மணி பிளான்ட் ஏறியது. பின்னாலேயே அதன் சொந்தபந்தம் எல்லாம் ஏறியது. ஏறினதில் ஒன்றுகூட இறங்கவில்லை. உள்ளே நின்று வேலை செய்கிற ஒரே ஆள் அவர் மனைவி. அவரைப் பார்த்துத்தான் இப்போது, "கொஞ்சம் தள்ளி நில்லு, அதுக்கு மூச்சு முட்டும்" என்கிறார்.

இந்தப் பைத்தியம் செல்போன் வழியாகத்தான் வந்தது. சமையலறையில் செடி வைத்தால் மனசு குளிரும், வீடு அழகாகும் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்களாம். எனக்கும் காட்டினார். பளிங்கு மேடை, வெள்ளைச் சுவர், தொங்குகிற கொடி, ஒரு தட்டில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, கரி பிடித்த பாத்திரம் கிடையாது, சமைக்கிற ஆளே கிடையாது. பார்த்தவுடனே நம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நம் வீட்டுச் சமையலறை இப்படி இல்லாததற்குக் காரணம், அதில் சமைக்கிறார்கள்.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே நுழைய முடியாது, அதனால் நானே சொல்கிறேன். பிரிட்ஜுக்கு மேலே இருந்து ஒரு கொடி முன்பக்கமாக வழிகிறது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் கல்யாணப் பெண்ணின் முகத்திரையை விலக்குகிற மாதிரி விலக்க வேண்டும். கரண்டி மாட்டுகிற கம்பியில் கரண்டிகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண், ஒரு குட்டிச் செடி. வாஷர் போன குக்கரில் பாம்புக் கற்றாழை. காது உடைந்த கோப்பைகளில் ஏதேதோ சுருள் இலை. நல்ல கோப்பைகளையும் காது உடைத்துவிட்டுத்தான் வைப்பார் போல, அந்த வீட்டில் காதோடு ஒரு கோப்பையை நான் பார்த்ததில்லை. டியூப் லைட்டைச் சுற்றி இன்னொரு கொடி. வெளிச்சம் கீழே இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்கை இலையே தின்றுவிடுகிறது. புகை போக்குகிற மின்விசிறிக்குச் சுவிட்சே போடக் கூடாது. "காத்து அடிச்சா இலை ஓரம் கருகிடும்" என்பது சட்டம். அதனால் புகை வெளியே போகாமல் உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. உப்பு டப்பாவை எடுக்கப் போன அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, மறுநாள்தான் திரும்பி வந்தார்.

"மறுநாளா?" என்றார் சாவிக்காரர்.

சரி, உலை பொங்கி வழிந்த பிறகு வந்தார்.

நம்மாள் ஒல்லி. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்திக்கொள்கிற இடத்தில் ஒரு டூத் பிரஷ். இலை நரம்பு துலக்க. தன் பல்லுக்கு அவர் அவ்வளவு மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. தோளில் ஈரத் துண்டு. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறினால் எங்கிருந்தாலும் அந்தத் துண்டோடு ஓடி வருவார். சட்டியை மூட அல்ல, இலைகளுக்குப் போர்த்த. எந்த இலை எந்தக் கிழமை விரிந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சர்க்கரை டப்பா எது என்று கேட்டால், "அது அவ டிபார்ட்மென்ட்" என்று முடித்துவிடுவார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் விடமாட்டார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், வழி கேட்டு வந்தவர், தவறிப்போய் மணி அடித்தவர், எல்லாரையும் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்துவார். "நல்லா இழுத்து மூச்சு விடுங்க. வித்தியாசம் தெரியுதா?" நான் முதல் தடவை போனபோது நல்லா இழுத்தேன். மண் ஈரத்தில் பிறந்த குட்டி ஈக்களில் ஒரு குடும்பமே மூக்குக்குள் போய்விட்டது. தெரியுது சார் என்றேன்.

நான் போனது அடுப்பு மஞ்சளாக எரிகிறது என்று கூப்பிட்டதால். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையில் அடைப்பு என்று அர்த்தம். பால் பொங்கி அடைக்கும், சோறு சிதறி அடைக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே தோட்டத்து மண். ஊசியால் குத்தக் குத்த வண்டி வண்டியாகக் கொட்டியது. அதில் ஒரு வேர் கேஸ் குழாய் வழியாக சிலிண்டரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"இதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி" என்றார் சாவிக்காரர்.

வேர் பர்னரில் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் நோக்கம் எனக்குத் தெரியும்.

சுத்தம் செய்து தீயை நீலமாக்கிக் காட்டினேன். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நம்மாள் எட்டிப் பார்த்து, "இப்ப சூடு ஜாஸ்தி அடிக்குமே. கொஞ்சம் பழைய மாதிரியே வச்சுட முடியாதா?" என்று கேட்டார். ரிப்பேர் செய்ததை மறுபடி ரிப்பேராக்கச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் என் வாழ்க்கையில் அவர்தான்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லாத பங்கு ஒன்று உண்டு. அந்தச் சமையலறைதான் அக்காவின் கடை. காலையில் எழுந்து சமைத்து, டப்பாக்களில் அடைத்து, எதிர்க் கட்டிட ஆபீஸுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவார். வருஷக்கணக்காக நடக்கிற தொழில். தலைமை கிளார்க் டப்பா வாங்குகிறார் என்பதற்காகவே ஆபீஸ் முழுக்க வாங்கியது. எனக்கும் சாவிக்காரருக்கும் ஒவ்வொன்று வரும். அக்கா சமைக்கிற விதமே வேறு. கண் டப்பாவைப் பார்க்கும், கை அடுப்பைப் பார்க்கும். எது எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவே மாட்டார். உப்பு இங்கே, மஞ்சள் அங்கே, ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்திய கீரைக் கட்டு. கை போகும், இலையைப் பறிக்கும், பானைக்கு மேலேயே கிள்ளிப் போடும். அத்தனை டப்பாவையும் நேரத்துக்கு அனுப்ப அந்தக் கையை நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்மாள் ஒரு நாள் விடியற்காலையில் அந்த ஜாடியைப் பார்த்தார். அடடா, எவ்வளவு நல்ல வெளிச்சம் விழுகிற இடம், அதை ஒரு கீரைக் கட்டு அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. கீரையை எடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் சொருகினார். வெட்டி வைத்திருந்த புள்ளி இலைத் தண்டுகளை வேர் விடட்டும் என்று அதே ஜாடியில் நிறுத்தினார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தடை போடுவாளாம். நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இலைக்குள்ளிருந்து வடிகிற வெளிச்சம். வெளியே போகாத புகை. கண் டப்பாவில். கை ஜாடிக்குப் போனது, பறித்தது, கிள்ளிப் போட்டது. எனக்கும் சாவிக்காரருக்கும் வந்தது முதல் பானை, அதில் முந்தின நாள் மிச்சக் கீரை. ஆபீஸுக்குப் போனது இரண்டாவது பானை.

அந்த இலை விஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாயில் பட்டால் ஆயிரம் ஊசியை ஒரே நேரத்தில் குத்தின மாதிரி இருக்கும். மத்தியானம் ஆபீஸில் ஒவ்வொருவராக நாக்கை வெளியே தொங்கப்போட்டார்கள். எச்சில் நிற்கவில்லை. உதடு தடித்துப்போய், பணம் கட்ட வந்த ஜனங்களிடம் கவுண்டரில் கையால் பேசினார்கள். வந்தவர்கள் ஏதோ போராட்டம் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். ஓயாமல் பேசுகிற நம் தலைமை கிளார்க்கின் நாக்கு வீங்கி, அளவு எடுத்துச் செய்த செருப்பு மாதிரி வாய்க்கு வெளியே கிடந்தது.

"அவ்வளவு பெருசு இல்ல" என்றார் தலைமை கிளார்க்.

"பெருசுதான், நான் பாத்தேன்" என்றார் சாவிக்காரர். "மாடிப்படி ஏறும்போது மொதல்ல நாக்கு போச்சு, பின்னால நீங்க போனீங்க."

டாக்டர் குளிர்ந்த பால் குடிக்கச் சொன்னார், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் தலைமை கிளார்க் அந்த வீட்டு மணியை அடித்தார். அந்த நேரம் நான் உள்ளே ரெகுலேட்டர் மாற்றிக்கொண்டிருந்தேன், என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கிளார்க்கால் பேச முடியவில்லை. வாயைக் காட்டுகிறார், டப்பாவைக் காட்டுகிறார், டப்பாவுக்குள் கிடந்த ஒரு துண்டு இலையை எடுத்துக் காட்டுகிறார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஜாடியைத் திரும்பிப் பார்த்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நம்மாளுக்கும் புரிந்தது. பாய்ந்து போய் ஜாடியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, தண்டு தண்டாகத் தடவிப் பார்த்தார்.

"நாலும் மொட்டை" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

பிறகு கிளார்க்கின் பக்கம் திரும்பி, "நீங்க தின்னது கீழ் இலையா, தளிரா?" என்று கேட்டார்.

கிளார்க் நாக்கைத் தொங்கப்போட்டபடி நின்றார்.

"கீழ் இலைன்னா பரவால்ல, மறுபடி வரும். தளிர்னாதான் மனசு கேக்காது."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு ஆபீஸின் தலைமை கிளார்க் படி இறங்கிப் போனார். மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு டப்பாகூட வரச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மேலே அடுக்கின டப்பாக்கள் அப்படியே கவிழ்ந்து கிடந்தன. இந்தத் துக்க சமயத்தில் நம்மாள் என்ன செய்தார் என்று சாவிக்காரர் கேட்டார். மொட்டைத் தண்டுகளுக்கு முட்டை ஓடு பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பலவீனமாக இருக்கிறதாம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என்னைக் கூப்பிட்டு, அடுப்பை ஹாலுக்கு மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். ஹாலில் ஜன்னலோரம், டிவிக்கு முன்னால், நம்மாளுடைய சாய்வு நாற்காலி கிடக்கிற இடம். வீட்டு மனுஷன் குதிப்பார் என்று நினைத்தேன். ஒரு சண்டை பார்க்கலாம் என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தயாராகக்கூட நின்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாய்வு நாற்காலியை அவரே தூக்கினார். நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோய், பெரணிக்கும் கற்றாழைக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.

அடுப்பைத் தூக்கியதும் மேடையில் சதுரமாக வெளுத்த இடம் ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷம் அக்கா நின்ற இடத்துக்கு எதிரே இருந்த இடம். அடுப்பு இன்னும் என் கையில்தான் இருக்கிறது, ஹால் வாசலைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்தச் சதுரத்தில் தொட்டி வைத்தாகிவிட்டது. "இப்பதான் கிச்சன் கிச்சன் மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா மெதுவாகத்தான் சொன்னார்.

"இனிமே உங்க தோட்டத்துல நான் காலு வைக்க மாட்டேன். என் அடுப்புகிட்ட நீங்க கைய வைக்காதீங்க."

"அதான் நல்லதும்மா" என்றார் அவர். "உன் சூடு தாங்காமத்தான் இவங்க இவ்வளவு நாளும் வாடிட்டு இருந்தாங்க."

ஹாலில் மேஜை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழாயை இழுத்து மாட்டிக் கொடுத்தேன். காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது. உப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் உட்கார இடமில்லை, ஆனால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்தா போனார்கள். சமையலறையில் மூச்சு இழுத்துவிட்டுத்தானே போனார்கள். நம்மாளுக்கும் அக்கா ஒரு டப்பா போட்டு வைத்துவிடுவார். நேரத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார். கழுவி வைக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

எல்லாம் சரி, டப்பா வாங்கத்தான் ஆள் இல்லை. எனக்கும் சாவிக்காரருக்கும் சமைத்து ஒரு தொழில் நடத்த முடியுமா? நேற்றுக் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். தலைமை கிளார்க்குக்கு. "ஒரே ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க தம்பி. அவர் வாங்கினா ஆபீஸ் மொத்தமும் வாங்கும். வேணாம்னுட்டார்னா நான் டப்பாவெல்லாம் வித்துட்டு வேற வேலை தேடிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "கீரையும் வச்சிருக்கேன். வேணும்னேதான் வச்சிருக்கேன்" என்றார். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த டப்பாதான் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் தலைமை கிளார்க்கின் மடியில் இருந்தது. சிரிக்க வைத்தால் ஆள் இளகுவார், இளகினால் சாப்பிடுவார் என்பது என் கணக்கு. செருப்பு மாதிரி நாக்கு என்ற இடத்தில் கணக்கு கொஞ்சம் தப்பிவிட்டது.

"திறந்து பாப்பேன். சாப்பிடறதா இல்ல" என்று சொல்லிவிட்டுத் திறந்தார். சோறு, பருப்பு, வறுத்த உருளைக்கிழங்கு, ஓரமாகக் கீரை. வாசனை பெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கீரையில் ஒரு இலையைக் கரண்டி நுனியில் தூக்கி, வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார். கள்ள நோட்டைக்கூட அந்த மனுஷர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பிறகு உருளைக்கிழங்கில் ஒரு துண்டை வாயில் போட்டார். அது சாப்பாட்டில் சேராது, சோதனை என்றார். அப்படியே சோதித்துக்கொண்டே போனதில் டப்பாவில் பாதி குறைந்துவிட்டது.

"அப்ப நாளைக்குச் சொல்லிடலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லாதே. எரிஞ்சது என் நாக்கு. அந்த வீட்டுச் சாப்பாடு எனக்கு இன்னியோட சரி."

சாவிக்காரர் கையில் இருந்த அரத்தை வைத்துவிட்டார். "செடிய மாத்தி வச்சது ஒருத்தர். நீங்க பட்டினி போடறது இன்னொருத்தரை. இது எந்த ஊரு நியாயம்?"

"என் எடத்துல நீ இருந்தா தெரியும்."

"உங்க எடத்துல இருந்தா பாதி டப்பாவத் தின்னுட்டு வேணாம்னு சொல்ல மாட்டேன். அந்த அம்மா கைய நம்பி வருஷக்கணக்கா தின்னீங்க, ஒரு நாளுக்கு மொத்தத்தையும் கழிச்சுட்டீங்க. உங்க நாக்கு வீங்கினதுல உங்க ஆபீஸ்ல அன்னிக்கி ஒரு நாள்தான் அமைதியா வேலை நடந்துச்சாம்."

தலைமை கிளார்க்குக்குக் காது சிவந்துவிட்டது. ஒருவரும் வந்து ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை, அந்த மனுஷன் தளிரா கீழ் இலையா என்று கேட்டானே தவிர வலிக்கிறதா என்று கேட்கவில்லை என்று குரலை உயர்த்தினார். அதில் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய சாதனை.

சரியாக அந்த நேரத்துக்குப் படியிலிருந்து காட்டு இலாகாவே இறங்கி வந்தார். டூத் பிரஷ் பையில், துண்டு தோளில். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். தலைமை கிளார்க் முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், மனுஷர் இறங்கி வந்துவிடுவார் என்று முகத்திலேயே தெரிந்தது. மேலே ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது.

நம்மாள் குனிந்து, பெஞ்சில் கழற்றி வைத்திருந்த டப்பா மூடியை எடுத்தார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அதன் மேல் வைத்து அளந்தார்.

"சரியா இருக்கும்" என்றார். "தொட்டிக்கு அடியில வச்சா தண்ணி கீழ சொட்டாது. நீங்கதான் இனிமே வாங்கப் போறதில்லையாமே, இது எனக்கு இருக்கட்டும்."

தலைமை கிளார்க் எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் நகர்ந்தது. மூடியின் ஒரு ஓரத்தை எட்டிப் பிடித்தார். "விடுய்யா மூடிய. நாளைக்கு டப்பா எத வச்சு மூடி வரும்?"

"நாளைக்கு எதுக்கு டப்பா?"

"எதுக்குன்னா? திங்கறதுக்கு. ஆபீஸ் மொத்தத்துக்கும் வரும், நீ யாரு கேக்கறதுக்கு?"

"இப்பதானே இன்னியோட சரின்னீங்க" என்று சாவிக்காரர் உள்ளே புகுந்தார். ஜெயித்துவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை, சண்டை பிடித்துப்போய்விட்டது.

"நான் சொன்னது வேற. நீ சும்மா இரு."

"என்ன வேற? என் கடைல உக்காந்துக்கிட்டு என்னையே சும்மா இருங்கறீங்களா?"

தலைமை கிளார்க் மூடியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அணைத்த கையை எடுக்காமலே, இன்னொரு கையால் டப்பாவில் மிச்சமிருந்த கீரையை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, வாய் நிறைய சாவிக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். சாவிக்காரர் திருப்பித் திட்டினார். நடுவில் நின்ற என்னையும் ஆளுக்கு ஒரு பங்கு திட்டினார்கள்.

காட்டு இலாகா யாரையும் திட்டவில்லை. மூடி போன கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளந்த விரல்களை மடக்காமல், அந்த அளவு கலைந்துவிடாமல், அப்படியே விரித்தபடி கொண்டுபோய், கடை மேஜையில் மூடியோடு காத்திருந்த சாவிக்காரரின் சாப்பாட்டு டப்பா மேல் வைத்தார்.